காய்ச்சல் முதல் இருபது மில்லிகிராம் வரை

வீட்டில் ஒருவருக்குக் கேன்சர் என்று தெரிந்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஒருவர் முள்சீத்தாப் பழம் கொண்டுவருவார், ஒருவர் மாதுளை. இன்னொருவர் வாட்ஸப்பில் வந்த கஷாயக் குறிப்பை எடுத்துக் காட்டுவார். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஓரிடத்தில் வந்து நிற்கும்: "எதிர்ப்பு சக்தி குறைஞ்சுபோச்சு, அதான் வந்திருக்கு. அதைக் கூட்டிட்டா சரியாப்போயிடும்." கொரோனாக் காலத்துக்குப் பிறகு இந்த நம்பிக்கை இன்னும் ஊன்றிவிட்டது.

சொல்கிறவர்களின் அன்பில் குறை காண ஒன்றுமில்லை. கருத்தும்கூடப் பாதி சரிதான். புற்றுநோய்ச் செல்லை அடையாளம் கண்டு அழிக்க உடலின் எதிர்ப்பு மண்டலத்துக்குத் தெரியும். பிழை 'குறைஞ்சுபோச்சு' என்ற சொல்லில் இருக்கிறது. அறுத்தெடுத்த கட்டியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், பல நோயாளிகளிடம், கட்டிக்குள்ளேயே டி செல்கள் மொய்த்துக் கிடப்பது தெரியும். டி செல் என்பது கிருமி புகுந்த செல்லைத் தேடிக் கொல்லும் வெள்ளையணு வகை. கொல்ல வேண்டியவை, கொல்ல வேண்டிய இடத்துக்கே வந்து சேர்ந்து, சும்மா நிற்கின்றன. ஏன் என்று கண்டுபிடிக்க மருத்துவத்துக்கு நூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த நூறு ஆண்டுகளில் பெரும்பகுதி, நம் உறவினர்கள் சொல்வதைப் போலவே, சக்தியைக் கூட்டிப் பார்ப்பதில்தான் கழிந்தது.

எதிர்ப்பு மண்டலத்தின் காவல் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஸ்காட்லாந்தில் நடந்த ஒரு துயரமே சாட்சி. 1998இல் ஒரே கொடையாளரின் இரண்டு சிறுநீரகங்கள் இரண்டு பேருக்குப் பொருத்தப்பட்டன. சில காலத்தில் இருவருக்கும் மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோய் உடலுக்குள் பரவியிருந்தது தெரியவந்தது. கொடையாளரின் பழைய பதிவுகளைத் தேடினார்கள். அவருக்கு 1982இல் மெலனோமாவுக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அதன்பின் 16 ஆண்டுகள் நோயில்லாமல் வாழ்ந்து, வேறு காரணத்தால் இறந்தவர். அந்த 16 ஆண்டுகளும் சில மெலனோமா செல்கள் அவர் சிறுநீரகத்தில் இருந்திருக்கின்றன. அவர் உடல் அவற்றைத் தலைதூக்க விடவில்லை. உறுப்பைப் பெற்றுக்கொண்டவர்களோ, புதிய சிறுநீரகத்தை உடல் ஏற்க வேண்டும் என்பதற்காக எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளை விழுங்கிக்கொண்டிருந்தவர்கள். காவல் விலகியதும் கட்டி எழுந்துவிட்டது. 2003இல் வெளியான இந்த அறிக்கை ஒன்றிரண்டு பக்கம்தான். தடித்த பாடநூல்கள் சொல்வதை அது சொல்லிவிடுகிறது.

இதெல்லாம் தெரியாத காலத்தில்தான் கதை தொடங்குகிறது. 1890இல் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற 28 வயது அறுவை மருத்துவரிடம் 17 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். கையில் எலும்புப் புற்று. முன்கையை வெட்டியெடுத்தும் பயனில்லை. அடுத்த ஜனவரியிலேயே இறந்துபோனாள். அந்தச் சாவு கோலியை உலுக்கியது. மருத்துவமனையின் பழைய ஏடுகளை எடுத்து, இப்படிப்பட்ட கட்டி வந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று தேடத் தொடங்கினார். ஒரு பதிவு விசித்திரமாக இருந்தது. கழுத்தில் கட்டியோடு வந்த ஜெர்மானியத் தொழிலாளி ஒருவர்; பலமுறை அறுத்தும் திரும்பத் திரும்ப வளர்ந்ததால் மருத்துவர்கள் கைவிட்டவர். படுக்கையில் இருந்தபோது அவருக்கு எரிசிபெலஸ் தொற்றியது. தோல் செக்கச்சிவந்து, கடும் காய்ச்சல் அடிக்கும் பாக்டீரியாத் தொற்று அது. காய்ச்சல் தணிந்தபோது கட்டி கரைந்துபோயிருந்தது. குணமாகி வீட்டுக்குப் போனார் என்று ஏடு முடிந்தது.

ஏட்டை மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்த்திருக்கலாம். கோலி நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு குடியிருப்புகளில் வீடு வீடாக ஏறியிறங்கி அந்த ஆளைத் தேடிப் பிடித்தார். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் கழுத்தில் தழும்போடு நலமாக இருந்தார்.

அதற்குப் பிறகு கோலி செய்ததை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. 1891இல், பிழைக்க வழியில்லாத ஓர் இத்தாலியக் குடியேறியின் உடலில் உயிருள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவை வேண்டுமென்றே ஏற்றினார். பென்சிலின் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பு! மாதக்கணக்கில் முயன்றபின் காய்ச்சல் கொதித்தது; ஆள் சாவின் விளிம்புக்குப் போனார்; தொண்டையை அடைத்திருந்த கட்டி உருகி வடிந்தது. அவர் மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அடுத்து முயன்றவர்களில் இரண்டு பேர் தொற்றினாலேயே இறந்தார்கள். ஆகவே கோலி உயிருள்ள கிருமியைக் கைவிட்டு, கொல்லப்பட்ட இரு வகைப் பாக்டீரியாக்களின் கலவைக்கு மாறினார். 'கோலியின் நச்சுகள்' என்று அது பெயர்பெற்றது. 1936இல் இறக்கும்வரை நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்.

கோலியை ஒதுக்கப்பட்ட மேதையாகவும், அவரை எதிர்த்த சக மருத்துவர் ஜேம்ஸ் யூயிங்கைக் குறுகிய மனத்தவராகவும் எழுதுவது இன்று வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. யூயிங் கதிர்வீச்சின் பக்கம் நின்றார். நம்மூரில் 'கரண்ட் வைக்கிறது' என்பார்களே, அது அப்போது புதிதாக வந்திருந்தது. எந்திரத்தைத் திருப்பினால் எல்லோருக்கும் ஓரளவுக்கு ஒரே பலன். கோலியின் கலவையோ பத்துக்கும் மேற்பட்ட விதங்களில் தயாரிக்கப்பட்டது. ஒரு சமயம் வேலை செய்தது மறுசமயம் செய்யவில்லை. யாருக்கு எவ்வளவு, எங்கே, எத்தனை நாள் என்பதற்குக் கணக்கு இல்லை. ஏன் வேலை செய்கிறது என்று கோலிக்கே சொல்லத் தெரியவில்லை. மருத்துவம் அவரைக் கைவிட்டது பொறாமையால் மட்டும் நேர்ந்ததில்லை. அவர் மகள் ஹெலன் கோலி நாட்ஸ் தந்தையின் நோயாளிகளின் பதிவுகளை, ஏறத்தாழ ஆயிரம் பேருடையதை, தேடித் தொகுத்து 1953இல் ஒரு புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தையே தொடங்கினார். மருத்துவப் பட்டம் எதுவும் இல்லாதவர் அவர். இந்த வரலாற்றில் எனக்குக் கோலியைவிட அவர்மேல்தான் மதிப்பு அதிகம்.

கோலி போட்ட பாதையில் இன்றும் அன்றாட நடைமுறையில் இருக்கும் சிகிச்சை நமக்கு மிகப் பழக்கமான ஒன்று. குழந்தை பிறந்ததும் கையில் போடும் பி.சி.ஜி. ஊசி. 1976இல் கனடாவில் அல்வாரோ மொராலெஸ், காசநோய்க்கான இந்தப் பலவீனமாக்கப்பட்ட பாக்டீரியாவைச் சிறுநீர்ப்பைக்குள் வாரம் ஒருமுறை, ஆறு வாரம் செலுத்தினால் பையின் உட்சுவரில் தோன்றும் புற்று திரும்பத் திரும்ப வருவது குறைகிறது என்று காட்டினார். 1990இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதல் கொடுத்தது. டியூப் வழியாக ஏற்றிய மருந்தை இரண்டு மணி நேரம் அடக்கிவைத்திருக்கச் சொல்வார்கள். கிருமியைப் பார்த்து எழும் அழற்சி, அக்கம்பக்கத்தில் இருக்கும் புற்றுச் செல்லையும் சேர்த்துத் தாக்குகிறது. சென்னைக்காரர்களுக்குக் கிண்டியில் 1948 முதல் இயங்கும் பி.சி.ஜி. ஆய்வகத்தைத் தெரிந்திருக்கும், அதே நுண்ணுயிர், வேறு வேலை.

இதே காலத்தில் இன்னொருவர் எதிர்ப்பு சக்தியின் ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தார். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஸ்டீவன் ரோசன்பெர்க். 1968இல் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, பித்தப்பை வலியென்று வந்த ஒரு முதியவரை அவர் பார்த்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வயிற்றுப் புற்று ஈரலுக்குப் பரவி, சாவதற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். வயிற்றைத் திறந்து தேடினால் புற்றின் சுவடே இல்லை. ரோசன்பெர்க் அவருடைய ரத்தத்தை வாங்கி இன்னொரு புற்றுநோயாளிக்கு ஏற்றிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்தக் காட்சி அவரை விடவில்லை. டி செல்களைப் பெருக்கும் இன்டர்லூக்கின்-2 என்ற புரதத்தைப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தார். ஒருவருக்குப் பின் ஒருவராக நோயாளிகள் பலனில்லாமல் இறந்தபின், 1984இல் மெலனோமா பரவிய ஒரு பெண்ணுக்கு நோய் முற்றிலும் மறைந்தது. 1992இல் இந்த மருந்து சிறுநீரகப் புற்றுக்கு ஒப்புதல் பெற்றது. ரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து, ரத்த அழுத்தம் சரியும் என்பதால் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துத்தான் கொடுக்க முடியும். முழுக் குணம் மிகச் சிலருக்கே கிட்டியது. ஆனால் கிட்டியவர்களுக்கு நிலைத்தது. கூட்டு, இன்னும் கூட்டு என்ற வழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதுவே எல்லைக்கல்.

திருப்பம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. கேன்சரைக் குணமாக்கப் புறப்படாத ஒருவரிடமிருந்து என்றுகூடச் சொல்லலாம்.

டெக்சாஸில் ஆலிஸ் என்ற சிற்றூரில் பிறந்த ஜேம்ஸ் ஆலிசனுக்கு டி செல் எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் ஆர்வம். டி செல் ஒன்று கண்டதையெல்லாம் தாக்கக் கூடாது. தாக்கினால் சொந்த உடலே அழியும். ஆகவே அது கிளம்ப இரண்டு சைகைகள் வேண்டும். அந்நியப் புரதத்தைத் தன் ஏற்பியால் தொட்டுணர்வது முதல் சைகை. இது சாவி போட்டுத் திருப்புவதைப் போல. சி.டி.28 என்ற இன்னொரு மூலக்கூறு வழியாக வருவது இரண்டாவது, இது ஆக்ஸிலரேட்டர். 1987இல் டி செல்லின் மேற்பரப்பில் சி.டி.எல்.ஏ-4 என்று இன்னொரு மூலக்கூறும் கண்டறியப்பட்டிருந்தது. சி.டி.28ஐ உரித்துவைத்தாற்போல் இருந்ததால் அதுவும் ஆக்ஸிலரேட்டராகத்தான் இருக்கும் என்று பலரும் எழுதினார்கள். ஆலிசனின் குழுவும், தனியாக ஜெஃப்ரி புளூஸ்டோனின் குழுவும் அது பிரேக் என்று கண்டன. டி செல் கிளம்பிய சிறிது நேரத்தில் இந்த மூலக்கூறு மேலே வந்து, அதை அடக்குகிறது.

பிரேக் என்பதற்கு 1995இல் மறுக்க முடியாத சான்று கிடைத்தது. சி.டி.எல்.ஏ-4 மரபணு நீக்கப்பட்ட எலிக்குட்டிகள் பிறந்து மூன்று நான்கு வாரங்களில் செத்துவிழுந்தன. அவற்றின் இதயத்திலும் கணையத்திலும் டி செல்கள் வெள்ளம்போல் புகுந்திருந்தன. வெளியிலிருந்து எந்த நோயும் வரவில்லை. கட்டுப்பாடு போனதும் உடல் தன்னையே தின்றுவிட்டது. 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டு' என்று விளம்பரம் செய்கிறவர்கள் அந்த எலிக்குட்டிகளை ஒருமுறை பார்க்க வேண்டும்.

புளூஸ்டோன் இதை உறுப்பு மாற்றத்துக்கும் தன்னுடல் தாக்கு நோய்களுக்கும் பயன்படுத்த நினைத்தார். ஆலிசனுக்கு வேறு யோசனை: பிரேக்கிலிருந்து காலைச் சிறிது நேரம் எடுத்தால், கட்டிக்குள் நிற்கும் டி செல்கள் கிளம்புமா? 1994 முடிவில் அவர் ஆய்வகத்தில் டானா லீச் கட்டி வளர்த்த எலிகளுக்கு, சி.டி.எல்.ஏ-4ஐ மூடிவிடும் எதிர்ப்பொருளை ஊசியாகப் போட்டார். கட்டிகள் மறைந்தன. நம்ப முடியாமல், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆலிசன் தானே சோதனையை மறுபடி நடத்தினார். எந்தக் கூண்டுக்கு என்ன ஊசி என்று தனக்கே தெரியாதபடி வைத்துக்கொண்டு கட்டிகளை அளந்தார். முதலில் எல்லாக் கட்டிகளும் வளர்ந்துகொண்டே போயின. பிறகு பாதிக் கூண்டுகளில் வளர்ச்சி நின்றது, கட்டி சுருங்கியது, இல்லாமல் போனது. 1996இல் கட்டுரை வெளியானது.

'முதலில் எல்லாக் கட்டிகளும் வளர்ந்தன' என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மனிதச் சோதனைகளில் இந்த மருந்து ஏறக்குறைய செத்துப்போனது அந்த ஒரு காரணத்தால்தான்.

கீமோ மருந்துக்கு ஒரு வழக்கமான அளவுகோல் உண்டு. சில வாரம் கழித்து ஸ்கேன் எடு. கட்டி சுருங்கியிருந்தால் மருந்து வேலை செய்கிறது, பெருத்திருந்தால் இல்லை, நிறுத்திவிடு. கீமோ செல்லை நேராகக் கொல்வதால் இது பொருத்தமான கணக்கு. பிரேக்கை விடுவிக்கும் மருந்து புற்றுச் செல்லைத் தொடுவதே இல்லை. டி செல்லைத்தான் தொடுகிறது. டி செல் பெருகி, கட்டிக்குள் படையெடுத்து நுழையும்போது கட்டியே வீங்குகிறது. ஸ்கேனில் அது நோய் முற்றியதாகத் தெரியும். 2008இல் ஃபைசர் நிறுவனம் இதே வகை மருந்து ஒன்றின் பெரிய சோதனையைப் பலனில்லை என்று நிறுத்தியது. போட்டியில் இருந்த இபிலிமுமாப் மருந்தின் ஆய்வாளர்கள், ஸ்கேனில் மோசமாகத் தெரிந்த சில நோயாளிகள் மாதங்கள் கழிந்தும் நன்றாக நடமாடுவதைக் கவனித்திருந்தார்கள். அவர்கள் சோதனையின் இலக்கையே மாற்றினார்கள்: கட்டியின் அளவை விட்டுவிட்டு, எத்தனை பேர் எத்தனை நாள் உயிரோடு இருக்கிறார்கள் என்று எண்ணினார்கள். 2010இல் முடிவு வந்தது. பரவிய மெலனோமாவில் இடைநிலை ஆயுள் 6.4 மாதத்திலிருந்து 10 மாதமானது. கட்டி கண்கூடாகச் சுருங்கியவர்கள் பத்தில் ஒருவர்தான். பழைய அளவுகோலில் இது தோல்வி. புதியதில், அந்த நோய்க்கு ஆயுளைக் கூட்டியதாகச் சோதனையில் நிறுவப்பட்ட முதல் மருந்து. 2011 மார்ச்சில் ஒப்புதல் கிடைத்தது.

கியோத்தோவில் தசுக்கு ஹோன்ஜோவின் ஆய்வகம் 1992இலேயே பி.டி-1 என்ற இன்னொரு பிரேக்கைக் கண்டெடுத்திருந்தது; எதற்காக இருக்கிறது என்று அப்போது தெரியாது. இந்த மரபணு இல்லாத எலிகள் மூன்று வாரத்தில் சாகவில்லை. மெல்ல மெல்ல, மாதங்கள் கழித்தே, லூபஸ் போன்ற நோய்க்கு ஆளாயின. பி.டி-1 அவ்வளவு முரட்டுத்தனமில்லாத, தாக்குதல் நடக்கும் இடத்திலேயே செயல்படும் பிரேக். பல புற்றுச் செல்கள் அதை மிதிக்கும் புரதத்தைத் தம் மேற்பரப்பில் பூசிக்கொண்டு தப்பிக்கின்றன. இதை மூடும் மருந்துகள் 2014இல் வந்தன. ஜப்பான் நிவோலுமாபுக்கு ஜூலையில் முதலாவதாக ஒப்புதல் தந்தது, அமெரிக்கா செப்டம்பரில் பெம்ப்ரோலிசுமாபுக்கு. மறு ஆண்டு, மூளைவரை பரவிய மெலனோமாவோடு பெம்ப்ரோலிசுமாபும் கதிர்வீச்சும் பெற்ற முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், 2024 டிசம்பரில் தன் நூறாவது வயதில்தான் காலமானார். ஆலிசனும் ஹோன்ஜோவும் 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து விடுவித்த சோதனை ஒன்றின் பத்தாண்டு முடிவு 2024இல் வந்தபோது, பரவிய மெலனோமா நோயாளிகளில் 43 விழுக்காட்டினர் பத்தாம் ஆண்டிலும் உயிரோடு இருந்தார்கள். பெரும்பாலோர் ஓராண்டைக்கூடத் தாண்டாமல் இருந்த நோய் அது.

இந்த மருந்துகளின் பக்க விளைவுகளும் எலிக்குட்டிகளின் கதையை ஒட்டியே வருகின்றன. முடி கொட்டுவதில்லை. குடல் அழற்சி, தைராய்டு செத்துப்போவது, நுரையீரல் அழற்சி, அரிதாக உயிரைப் பறிக்கும் இதயத்தசை அழற்சி. சிகிச்சை முடிந்து மாதங்கள் கழித்தும் வரலாம். கீமோ ஏற்றியவருக்குக் கழிச்சல் வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுத்துச் சமாளிக்கும் வீடுகள், இந்த மருந்துகளைப் பெறுகிறவருக்குக் கழிச்சல் வந்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அதற்கு மருந்து பெரும்பாலும் ஸ்டீராய்டு.

யாருக்குப் பலிக்கும்? வெயிலால் வரும் மெலனோமா, புகையால் வரும் நுரையீரல் புற்று போல, மரபணுவில் ஏராளமான சிதைவுகள் சேர்ந்த கட்டிகளில் கூடுதலாகப் பலிக்கிறது. சிதைவு பெருகப் பெருகச் செல் அந்நியமாகத் தெரிகிறது. டி செல்லுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்கிறது. 2022 ஜூனில் நியூயார்க்கில் டோஸ்டார்லிமாப் என்ற மருந்து கொடுத்த 12 மலக்குடல் புற்றுநோயாளிகளுக்கும், அறுவையும் கதிர்வீச்சும் இல்லாமலே கட்டி மறைந்தது என்ற செய்தி வந்தபோது, கேன்சருக்கு மருந்து கண்டுபிடித்தாயிற்று என்று ஊரெங்கும் ஃபார்வர்ட் பறந்தது. அந்த 12 பேரும் டி.என்.ஏ. பிழை திருத்தும் அமைப்பு பழுதான கட்டி உள்ளவர்கள். மலக்குடல் புற்றில் அப்படிப்பட்டவை நூற்றில் ஐந்து முதல் பத்து. அவர்களுக்கு இது உண்மையிலேயே பெரிய வரம். மற்றவர்களுக்கு அந்தச் செய்தியால் ஒன்றுமில்லை. கணையப் புற்று போன்றவற்றில் டி செல்கள் கட்டிக்குள்ளேயே நுழைவதில்லை. அங்கே பிரேக்கை எடுப்பதற்கு வண்டியே இல்லை.

வண்டி இல்லாவிட்டால் செய்துகொள்வோம் என்று கிளம்பியவர்கள் வேறு சாரார். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஸெலிக் எஷ்ஹார் 1989இல், எதிர்ப்பொருளின் கண்ணையும் டி செல்லின் கையையும் ஒட்டவைத்த செயற்கை ஏற்பி ஒன்றை உருவாக்கினார். அதன் முதல் வடிவம் உடலுக்குள் நீடிக்கவில்லை. சாவியோடு ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்து ஒரே ஏற்பியில் பொருத்திய பிறகுதான் அது நிலைத்தது. மிஷேல் சதெலேன், டாரியோ கம்பானா போன்றவர்கள் 2000களின் தொடக்கத்தில் செய்த வேலை அது. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்தெடுத்து, நோய் தரும் தன்மை நீக்கப்பட்ட வைரஸ் ஒன்றின் வழியாக இந்த ஏற்பிக்கான மரபணுவை அவற்றுக்குள் செலுத்தி, பெருக்கி, அவருக்கே திரும்ப ஏற்றுவார்கள். கார்-டி செல் சிகிச்சை என்று பெயர்.

2012 ஏப்ரலில் பிலடெல்பியாவில், ரத்தப் புற்று இரண்டு முறை திரும்பிய ஆறு வயதுச் சிறுமிக்குக் கார்ல் ஜூன் குழு இதைக் கொடுத்தது. சில நாளில் காய்ச்சல் எகிறி, செயற்கைச் சுவாசத்தில் கிடந்தாள். கோலியின் நோயாளிகளைப் பிடித்த அதே நெருப்புதான். இம்முறை ரத்தத்தைச் சோதிக்க முடிந்தது. இன்டர்லூக்கின்-6 என்ற புரதம் பன்மடங்கு ஏறியிருந்தது. அதை அடக்க டோசிலிசுமாப் என்று ஒரு மூட்டுவாத மருந்து இருப்பது ஜூனுக்குத் தெரிந்திருந்தது. அவர் மகளுக்குச் சிறுவயது மூட்டுவாதம் இருந்ததால்! அன்றிரவே கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. அவள் பிழைத்து வளர்ந்து கல்லூரிக்கும் போனாள். அன்று அந்தக் குழந்தை இறந்திருந்தால் இந்தத் துறை முழுவதும் நின்றுபோயிருக்கும் என்று ஜூனே பின்னாளில் பேசியிருக்கிறார். 2017 ஆகஸ்டில் இந்தச் சிகிச்சை கிம்ரியா என்ற பெயரில் ஒப்புதல் பெற்றது. அப்போதைய விலை 4,75,000 டாலர்.

இந்த வெற்றிக்குள் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கார்-டி செல்கள் குறிவைக்கும் சி.டி.19 என்ற புரதம், பி செல் என்னும் இன்னொரு வெள்ளையணு வகையில், புற்றானவற்றில் மட்டும் இல்லை. நல்ல பி செல்கள் அனைத்திலும் இருக்கிறது. சிகிச்சை இரண்டையும் சேர்த்தே அழிக்கிறது. பி செல் இல்லாமல் மனிதன் வாழ்ந்துவிடலாம். தேவைப்பட்டால் இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டுக்கொள்ளலாம். ஈரலையோ நுரையீரலையோ இப்படி விட்டுக்கொடுக்க முடியாது. கட்டியாக வளரும் புற்றுகளில் இந்தச் சிகிச்சை திணறுவதற்கு முதல் காரணம் இதுதான்.

இந்தியாவில் மும்பை ஐஐடியின் ராகுல் புர்வார் குழுவும் டாட்டா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்-19, 2023 அக்டோபரில் ஒப்புதல் பெற்றது. 2025இல் வெளியான முடிவில், மதிப்பிட முடிந்த நோயாளிகளில் 73 விழுக்காட்டினருக்குப் பலன் தெரிந்தது. அமெரிக்க விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்று பெருமையோடு சொல்லப்பட்டது. உண்மைதான், ரூபாயில் அது நாற்பது லட்சத்தை ஒட்டிய தொகையாக இருந்தது. வேலூர் சி.எம்.சி.யில் செல்களை வெளியே தொழிற்சாலைக்கு அனுப்பாமல் மருத்துவமனைக்குள்ளேயே தானியங்கி எந்திரத்தில் தயாரித்துக் கொடுக்கும் சோதனையும் நடந்திருக்கிறது. செல் நோயாளியுடையது, எந்திரம் பக்கத்து அறையில் என்று ஆகிவிட்டால் செலவின் பெரும்பகுதி எதற்கு என்ற கேள்வி தானாக எழும்.

இதே கேள்வியை பி.டி-1 மருந்துக்கும் கேட்டவர்கள் டாட்டா மையத்தின் விஜய் பாட்டீல், குமார் பிரபாஷ் முதலானோர். இங்கே வாய், தொண்டைப் புற்று மேலைநாடுகளைவிட மிக அதிகம். புகையிலையும் பாக்கும் குட்காவும் செய்யும் வேலை. வருகிறவர்களில் பலர் கூலித் தொழிலாளர்கள். நிவோலுமாப் வழக்கமான அளவில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். அதை வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடியவர்கள் அப்போது நூற்றில் மூவருக்கும் குறைவாகவே இருந்தார்கள்.

240 என்ற எண் எங்கிருந்து வந்தது? கீமோவில் உடல் தாங்கக்கூடிய மிக அதிக அளவைத் தேடிப் பிடித்து அதற்குச் சற்றுக் கீழே நிற்பார்கள். நஞ்சு கூடினால் கொலையும் கூடும் என்ற கணக்கு. பிரேக்கை மூடும் மருந்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஏற்பிகள் எல்லாம் மூடப்பட்ட பிறகு கூடுதலாக ஊற்றுவது ரத்தத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். 2010இல் வெளியான முதல் மனிதச் சோதனையிலேயே, கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் கொடுத்தாலும் 10 மில்லிகிராம் கொடுத்தாலும், ரத்தத்தில் இருக்கும் டி செல்களின் பி.டி-1 ஏற்பிகளில் 70 விழுக்காட்டுக்கு மேல் இரண்டு மாதத்துக்கும் அதிகமாக மூடியிருந்தது பதிவாகியிருக்கிறது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு 0.3 என்றால் 18 மில்லிகிராம். இந்தக் கணக்கைப் போட எந்தக் கம்பெனிக்கும் அவசரம் இல்லை. குறைத்து விற்பதற்காக யாரும் கோடிகளைக் கொட்டிச் சோதனை நடத்தமாட்டார்கள்.

மும்பைக் குழு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் என்று வைத்தது. ஆறு வாரக் கணக்கில் பார்த்தால் 720க்குப் பதில் 40. முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரை இரண்டாகப் பிரித்து, எல்லோருக்கும் மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோடினிப் என்ற மலிவான மாத்திரைகளைக் கொடுத்தார்கள். ஒரு சாராருக்கு மட்டும் கூடவே இந்தச் சிறு அளவு நிவோலுமாப். 2022இல் முடிவு வெளியானது. மாத்திரை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டு தாண்டியவர்கள் 16.3 விழுக்காடு. ஊசியும் சேர்த்துப் பெற்றவர்களில் 43.4.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். முழு அளவு மருந்து பெற்ற மூன்றாவது சாரார் அந்தச் சோதனையில் இல்லை. ஆகவே 20ம் 240ம் ஒன்றுதான் என்று அது நிறுவவில்லை. 20, ஒன்றுமில்லாததைவிட எவ்வளவோ மேல் என்பதை நிறுவியிருக்கிறது. 240ஐ வாங்க முடிகிற நாட்டு மருத்துவருக்கு இந்த வேறுபாடு பெரிது. மற்ற 97 பேரின் எதிரில் உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்கு அவ்வளவு பெரிதாக இருக்காது. நிவோலுமாப் 40 மில்லிகிராம் குப்பியிலும் வருகிறது. இரண்டு பேரை ஒரே நாளில் வரச் சொன்னால் ஒரு குப்பி இருவருக்கும் சரியாகப் போகும்.